முதலமைச்சர் எம்.ஜி.ஆர்.: கொழும்பு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அவரது படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு எம்.ஜி.இராமச்சந்திரன் இன்றும் ஒரு நடிகர். உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கோ, அவர் ஓர் இந்திய மாநிலத்தை ஏறக்குறைய பத்தாண்டுகள் ஆண்டவர். இரு சாராரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. படங்களைப் பற்றி அரசியலுக்குத் தேவையான அளவு மட்டுமே பேசப்படும். இலங்கைத் தமிழர் விடயத்தில் அவர் செய்ததையும் செய்யாததையும் பற்றி இங்கே எழும் வாதங்களில் பெரும்பாலானவை, ஓர் இந்திய மாநில முதலமைச்சரின் கையில் இருக்கும் அதிகாரம் எவ்வளவு என்பதைக் கணக்கில் எடுக்காமலே நடப்பதாகத் தோன்றுவதால், அந்த விளக்கத்துக்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

எம்.ஜி.ஆர். இலங்கையில் பிறந்தவரா? அப்படியாயின் அவர் எவ்வாறு இந்தியாவில் முதலமைச்சராக முடிந்தது?

ஆம். 1917 ஜனவரி 17 அன்று கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தை மருதூர் கோபால மேனன், தாய் சத்தியபாமா. இருவரும் இன்றைய கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியோடு தொடர்புடைய மலையாளக் குடும்பத்தினர். தந்தை இறந்த பின்னர், தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் கும்பகோணத்தில் குடியேறினார்.

பிறப்பிடம் அவருடைய அரசியலுக்குச் சட்டத் தடையாக இருக்கவில்லை. இந்திய அரசியலமைப்பின் 5 ஆம் உறுப்புரை, அந்நாட்டை நிரந்தர வாழிடமாகக் கொண்டு, அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்திய ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அங்கே வசித்தவர்களையும், அவர்கள் எங்கே பிறந்திருந்தாலும், குடிமக்களாக ஏற்றது. சிறு வயதிலேயே கடல் கடந்துவிட்ட எம்.ஜி.ஆர். அந்த வகைக்குள் எளிதாக அடங்கினார். இதே காலப்பகுதியில், இலங்கையின் 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டங்களில் பிறந்து அங்கேயே உழைத்துவந்த இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. நாவலப்பிட்டியை விட்டுப் போன குழந்தை அங்கே முதலமைச்சரானதையும், நாவலப்பிட்டியைச் சுற்றிய தோட்டங்களில் தங்கிவிட்டவர்கள் இங்கே வாக்குரிமையை இழந்ததையும் ஒருசேர வைத்துப் பார்க்காமல், அவர் நம் மண்ணில் பிறந்தவர் என்று பெருமை பேசுவதில் பொருளில்லை.

அரசியலுக்கு முன்னர் அவருடைய வாழ்க்கை எத்தகையது?

வறுமையானது. பள்ளிப் படிப்பைத் தொடர வழியின்றி, அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பனியில் சேர்ந்தார். 1936 இல் வெளிவந்த, எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதி லீலாவதி’ படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதற்குப் பின் கதாநாயகனாவதற்குப் பதினொரு ஆண்டுகள் ஆயின; 1947 இல் ‘ராஜகுமாரி’ வந்தபோது அவருக்கு வயது முப்பது. பசியையும் காத்திருப்பையும் நேரில் அறிந்தவர் என்பது பின்னாளில் அவருடைய மேடைப் பேச்சில் ஓயாமல் இடம்பெற்றது. அதில் மிகை அதிகம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

தி.மு.க.வுக்குள் எப்போது வந்தார்? அங்கே அவருடைய இடம் என்ன?

முதலில் காங்கிரஸ்காரராக இருந்து கதர் உடுத்தியவர், 1953 இல் சி.என். அண்ணாத்துரையின் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். மு.கருணாநிதியுடனான நட்பு அதற்கு முன்பே திரைத்துறையில் தொடங்கியிருந்தது; ‘ராஜகுமாரி’க்கும் ‘மந்திரி குமாரி’க்கும் வசனம் எழுதியவர் கருணாநிதி. 1958 இல் எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ கட்சியின் கொள்கையைக் கொட்டகைக்குள் கொண்டுசென்றது. 1962 இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1967 இல் பரங்கிமலைத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குத் தெரிவானார்.

கட்சிக்குள் அவருக்கு இருந்த பலம் கிளைச் செயலாளர்களிடமிருந்து வந்ததல்ல. ஊர்தோறும் இருந்த ரசிகர் மன்றங்களே அவருடைய படை. தேர்தல் காலத்தில் சுவரொட்டி ஒட்டுவது, கூட்டம் சேர்ப்பது, வாக்காளரைச் சாவடிக்கு அழைத்துச் செல்வது என்று கட்சி வேலை முழுவதையும் இந்த மன்றத்தினர் பழகிக்கொண்டார்கள். ஆனால் அவர்களின் விசுவாசம் கட்சித் தலைமைக்கு உரியதாக இருக்கவில்லை. 1972 இல் கட்சி பிளந்ததற்கான அடித்தளம் இதுதான்.

எம்.ஆர். ராதா அவரைச் சுட்டது தேர்தல் முடிவைத் தீர்மானித்ததா?

1967 ஜனவரி 12 அன்று, நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரின் வீட்டில் வைத்து அவரைச் சுட்டார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. கழுத்தில் கட்டுடன் மருத்துவமனையில் இருக்கும் படம் தமிழகம் முழுவதும் சுவரொட்டியாக ஒட்டப்பட்டது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அவரது குரல் முன்பு போல் தெளிவாக இருக்கவில்லை. எனினும், அரிசித் தட்டுப்பாடும் 1965 இன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் காங்கிரஸை ஏற்கெனவே தளர்த்திவிட்டிருந்தன. தி.மு.க.வின் வெற்றியை ஒரு துப்பாக்கிக் குண்டின் கணக்கில் எழுதுவது மிகை.

அவர் ஏன் தனிக்கட்சி தொடங்கினார்?

1969 பெப்ரவரியில் அண்ணாத்துரை இறந்ததும் கருணாநிதி முதலமைச்சரானார். அந்தத் தெரிவுக்கு எம்.ஜி.ஆரின் ஆதரவு பெரிதும் உதவியது. எம்.ஜி.ஆர். கட்சியின் பொருளாளரானார். மூன்றே ஆண்டுகளில் உறவு முறிந்தது. 1972 ஒக்டோபர் 8 அன்று திருக்கழுக்குன்றத்தில் நடந்த கூட்டத்தில், கட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் தங்கள் சொத்துக் கணக்கை வெளியிட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். இரண்டு நாட்களில் கட்சியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். ஒக்டோபர் 17 அன்று அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. ‘அனைத்திந்திய’ என்ற முன்னொட்டு பின்னர் 1976 இல் சேர்ந்தது.

ஊழல் எதிர்ப்பு அவருடைய உண்மையான அக்கறையா, அல்லது அமைச்சர் பதவி கிடைக்காத மனத்தாங்கலா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம் என்று கொள்வதே நியாயமானது. 1973 மே மாதத்தில் திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் புதிய கட்சியின் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

மாநில அரசைக் கலைக்கும் 356 ஆம் உறுப்புரை அவருடைய வாழ்வில் அடிக்கடி பேசப்படுவது ஏன்?

அந்த உறுப்புரையால் அவர் ஒருமுறை பயனடைந்தார், ஒருமுறை அடிபட்டார். கட்சியிலிருந்து வெளியேறிய கையோடு, 1972 நவம்பரில், கருணாநிதி அரசின் மீதான ஊழல் குற்றச்சாட்டுகளைப் பட்டியலிட்டு இந்தியக் குடியரசுத் தலைவரிடம் மனு கொடுத்தார். அவசரநிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று, அந்த அரசு கலைக்கப்பட்டது. தொடர்ந்து அந்தக் குற்றச்சாட்டுகளை ஆராய சர்க்காரியா விசாரணை ஆணையம் அமைந்தது. 1977 ஜூனில் நடந்த தேர்தலில் அ.தி.மு.க. 234 இடங்களில் 130 ஐ வென்று, ஜூன் 30 அன்று எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். அவர் போட்டியிட்ட தொகுதி அருப்புக்கோட்டை.

மூன்று ஆண்டுகள் கூட முடியவில்லை. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் இந்திரா காந்தியும் கருணாநிதியும் கூட்டுச் சேர்ந்தார்கள். அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை கோபிச்செட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே. அடுத்த மாதம், பெப்ரவரி 17 அன்று, இந்திரா காந்தியின் அரசு காங்கிரஸ் அல்லாத ஒன்பது மாநில அரசுகளை ஒரேயடியாகக் கலைத்தது. தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. சட்டசபையில் பெரும்பான்மை இருந்தும் அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். மே மாதத் தேர்தலில் 129 இடங்களுடன் திரும்பிவந்தார், இம்முறை மதுரை மேற்கிலிருந்து. பின்னர் 1994 இல், எஸ்.ஆர். பொம்மை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வாறான கலைப்புகளுக்குக் கடிவாளமிட்டது. ஆனால் எம்.ஜி.ஆர். ஆண்ட காலம் முழுவதும் புதுடில்லி நினைத்தால் எந்த நாளும் அவரை அகற்றியிருக்க முடியும். 1980 இன் கலைப்புக்குப் பின்னர் அவர் இந்திரா காந்தியோடும் ராஜீவ் காந்தியோடும் மோதலைத் தவிர்த்தே நடந்தார். இலங்கை விவகாரத்தில் அவர் வைத்த ஒவ்வோர் அடியையும் இந்தப் பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும்.

நம் மாகாண முதலமைச்சர் பதவியும் தமிழ்நாட்டு முதலமைச்சர் பதவியும் ஒன்றுதானா?

பெயர் ஒன்று, பதவி வேறு. நமது மாகாண சபைகள் 1987 நவம்பரில் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தால் உருவானவை. அவற்றில் ஆளுநரின் கை ஓங்கியிருக்கிறது. பொலிஸ், காணி அதிகாரங்கள் எழுத்தில் இருந்தும் நடைமுறைக்கு வரவில்லை. 2013 இல் முதன்முறையாகத் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் காலாவதியான பின் அங்கே தேர்தல் நடக்கவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சரோ மாநிலப் பொலிஸைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர். சுகாதாரம், மதுவரி, நிலவருவாய் ஆகியவற்றில் சட்டமும் செலவும் அவருடைய அரசின் கையில். பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போரும் சமாதானமும் ஆகியவை ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. அவற்றில் அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. தன் மாநிலத்துக்குள் ஒரு பொலிஸ் நிலையத்தைக் கண்மூடச் சொல்ல அவரால் முடியும், ஒரு கப்பலை அனுப்பச் சொல்ல முடியாது.

சத்துணவுத் திட்டம் உண்மையில் அவருடையதா? காமராஜர் செய்ததுதானே?

பாடசாலையில் மதிய உணவு என்ற எண்ணம் எம்.ஜி.ஆருக்கு முந்தியது. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சி சில பள்ளிகளில் அதை நடத்தியது; 1956 முதல் காமராஜர் அதை மாநிலம் தழுவிய முயற்சியாக்கினார். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் தொடங்கியது அளவிலும் அமைப்பிலும் வேறுபட்டது. காமராஜர் காலத்துத் திட்டம் ஊராரின் நன்கொடையையும் சேர்த்தே நடந்தது. இதில் முழுச் செலவையும் அரசே ஏற்றது. இரண்டு வயதுக் குழந்தை முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளை வரை, ஏறக்குறைய 60 இலட்சம் பேருக்கு, விடுமுறை நாட்களிலும் சோறு போடுவது என்பது திட்டம். 1984 இல் அது 15 வயது வரை விரிந்தது.

அதிகாரிகளும் பொருளியலாளர்களும் கைகொட்டிச் சிரித்தார்கள். வரவுசெலவில் இவ்வளவு பணத்தைச் சோற்றுக்குக் கொட்டினால் தொழிற்சாலை எப்படி வரும், பாலம் எப்படி வரும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி அன்றைக்கு மூடத்தனமானதும் அல்ல. ஆனால் பிள்ளைகளின் பள்ளி வருகை உயர்ந்தது. கிராமத்துக்குக் கிராமம் சத்துணவு அமைப்பாளர், சமையலர், ஆயா என்று பெண்களுக்கு வேலை கிடைத்தது, அவர்களில் கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை தரப்பட்டது. ஒரு சமையற்கூடத்தில் எந்தச் சாதிப் பெண் சமைத்தாலும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிட வேண்டும் என்பது பல ஊர்களில் சண்டையைக் கிளப்பியது. சட்டம் போட்டுச் செய்ய முடியாத ஒரு வேலையை அந்த மதியச் சோறு மெல்ல மெல்லச் செய்தது. அடுத்து வந்த கருணாநிதி திட்டத்தை நிறுத்தாமல் முட்டையைச் சேர்த்தார். 2001 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சமைத்த மதிய உணவை நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் கட்டாயமாக்கியபோது, தமிழ்நாட்டின் அனுபவம் முன்னுதாரணமாக இருந்தது. எம்.ஜி.ஆரின் ஆட்சியில் நிலைத்து நின்றது எது என்று கேட்டால், இதைத் தவிர வேறொன்றை முதலில் சொல்ல முடியாது.

இடஒதுக்கீட்டில் அவர் பின்வாங்கியது உண்மையா?

உண்மை. 1979 இல், ஆண்டு வருமானம் 9,000 ரூபாவுக்கு மேற்பட்ட குடும்பங்களைப் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டிலிருந்து நீக்கும் ஆணையைப் பிறப்பித்தார். ஏழைகளுக்கே சலுகை சேர வேண்டும் என்ற வாதம் கேட்பதற்குச் சரியாக இருந்தது. திராவிட இயக்கத்தின் பிற பிரிவுகளோ, ஒதுக்கீட்டின் அடிப்படை சாதியால் விலக்கப்பட்டமையே தவிர வருமானம் அல்ல என்று கொதித்தெழுந்தன. 1980 ஜனவரித் தோல்விக்கு இதுவும் ஒரு காரணம் என்பதை அவர் வேகமாகப் புரிந்துகொண்டார். ஆணையை விலக்கியதோடு நில்லாமல், பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். கொள்கையில் பிடிவாதம் இல்லாமை அவருடைய குறையா, நிறையா என்பதை வாசகர்களே முடிவுசெய்யலாம். இதை எழுதுபவர் நிறை என்றே கருதுகிறார்.

அவருடைய ஆட்சியின் குறைகள் எவை?

மதுவிலக்கைத் தளர்த்தினார், 1983 இல் உருவான அரசு மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் இன்று தமிழ்நாட்டில் மதுவின் மறுபெயர். 1980 முதல் வட ஆர்க்காடு, தருமபுரிப் பகுதிகளில் நக்சலைட்டுகள் என்று கூறப்பட்டோர் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1987 இல், சட்டசபை உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலிசெய்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்புப் பெருகவே ஓரிரு நாளில் விடுதலை செய்தது. அதே ஆண்டு செப்டெம்பரில், வன்னியர் ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தனர். அமைச்சரவையில் எல்லா முடிவும் ஒருவரிடமே குவிந்திருந்ததால், அவர் நோயுற்றபோதெல்லாம் நிர்வாகம் தேங்கிப்போனது.

மறுபக்கத்தில் சொல்ல வேண்டியவையும் உள. பரம்பரையாக வந்த கிராமக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை ஒழித்தார். 1978 இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்கச் செய்தார். 1981 இல் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

மருத்துவமனையில் இருந்தபடியே தேர்தலில் வென்றார் என்பது கதையா?

கதையல்ல. 1984 ஒக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து சென்னை அப்பல்லோவிலும், பின்னர் நியூயோர்க்கின் புரூக்ளினிலும் சிகிச்சை பெற்றார். ஒக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். டிசெம்பரில் நாடாளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் ஒன்றாக நடந்த தேர்தலில், ஆண்டிப்பட்டியில் ஒரு நாள்கூடக் கால் வைக்காமல் அவர் வென்றார். கட்சி 132 இடங்களைப் பெற்றது. அவர் உயிரோடிருப்பதைக் காட்டும் மருத்துவமனை ஒளிப்படக் காட்சி ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. 1985 பெப்ரவரியில் திரும்பி வந்து மூன்றாம் முறை பதவியேற்றபோது, அவரால் சரளமாகப் பேச முடியவில்லை.

1983 இல் அவர் நினைத்திருந்தால் இந்திய இராணுவத்தை அனுப்பியிருக்க முடியுமா?

கொழும்பில் பலரும் கேட்பது இதுவே. முடியாது. படையை அனுப்புவதும் அனுப்பாததும் பிரதமரின் அதிகாரம். ஜூலை வன்செயலுக்குப் பின் அவரால் செய்ய முடிந்தவை வேறு. ஓகஸ்ட் 2 அன்று மாநிலம் தழுவிய கடையடைப்பை நடத்தினார். மண்டபம் என்ற கரையோர ஊரிலும் பிற இடங்களிலும் வந்திறங்கிய அகதிகளுக்கு முகாம், உதவித்தொகை, மலிவு விலை அரிசி ஆகியவற்றை மாநில நிர்வாகம் வழங்கியது. 1987 ஆகும்போது அங்கிருந்த அகதிகள் ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். ஆயுதக் குழுக்கள் சென்னையில் அலுவலகம் வைத்து இயங்க அனுமதித்தார். பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது புதுடில்லியின் உளவு அமைப்பான றோ. முதலமைச்சரின் பங்கு இடமும் பணமும் பாதுகாப்பும் தருவது.

குழுக்களுக்குள் அவர் விடுதலைப் புலிகளைத் தெரிந்தெடுத்தார். இன்னோர் ஆயுத இயக்கமான டெலோ கருணாநிதிக்கு நெருக்கமானது என்று கருதப்பட்டதால், தமிழகக் கட்சிப் போட்டி இயக்கங்களின் பகைக்குள்ளும் புகுந்துகொண்டது. 1984 இல் எம்.ஜி.ஆர். புலிகளுக்கு இரண்டு கோடி ரூபா கொடுத்ததாக, புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் எழுதியிருக்கிறார். 1987 ஏப்ரலில் மாநில அரசே புலிகளுக்கும் ஈரோஸ் இயக்கத்துக்குமாக நான்கு கோடி ரூபாவை அறிவித்தது. இதனால் பிற இயக்கங்களும், அவற்றோடு நின்ற குடும்பங்களும், பட்ட துன்பத்தை அவரைப் போற்றுவோர் பேசுவதில்லை.

அப்படியாயின், 1986 இல் அவருடைய பொலிஸாரே போராளிகளின் ஆயுதங்களைப் பறித்தது ஏன்?

அந்த நவம்பர் 1 அன்று, தீபாவளி நாளில், சென்னைச் சூளைமேட்டில் ஓர் இயக்கத்தினரின் துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர்வாசி ஒருவர் கொல்லப்பட்டார். ஜே.ஆர். ஜயவர்தன வரவிருந்த சார்க் மாநாடும் அதே மாதம் பெங்களூரில் நடக்கவிருந்தது. நவம்பர் 8 அன்று தமிழகப் பொலிஸார் எல்லா இயக்கத்தினரையும் ஒரே வேளையில் பிடித்து ஆயுதங்களைக் கைப்பற்றினர். பின்னர் தொலைத்தொடர்புக் கருவிகளும் எடுக்கப்பட்டபோது பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தார். கருவிகள் திருப்பித் தரப்பட்டன. இடம் கொடுத்த அதே மாநிலப் பொலிஸ் அதிகாரம் ஒரே இரவில் எதிர்த்திசையில் திரும்பக்கூடியது என்பதை இயக்கங்கள் அன்று கண்டுகொண்டன.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஓகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில் நடந்த கூட்டத்தில் எம்.ஜி.ஆர். ராஜீவோடு மேடையேறினார். உடன்பாடு அவருக்கு உவப்பானதாக இருந்ததா என்று ஊகிப்பதைவிட, அந்த மேடைக்கு வராமல் இருக்கும் நிலையில் அவர் இருந்தாரா என்று கேட்பது பயனுள்ளது.

நடிகராக இருந்தபோது இலங்கைக்கு வந்திருக்கிறாரா?

1965 இல், நடிகை சரோஜாதேவியுடன் வந்தார்.

அவர் இறந்த பின் கட்சியும் அதன் இலங்கைக் கொள்கையும் என்னவாயின?

1987 டிசெம்பர் 24 அன்று இறந்தார். மறுஆண்டு பாரத ரத்னா வழங்கப்பட்டது. மனைவி ஜானகி 1988 ஜனவரியில் முதலமைச்சராகி, மாத முடிவுக்குள் பதவியிழந்தார். அவரது அணியும் ஜெயலலிதாவின் அணியும் 1989 தேர்தலில் தனித்தனியே தோற்றன. அதன் பின் கட்சி ஒன்றாகி, இரட்டை இலையை மீட்டது.

1991 மே மாதத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதன் பின்னணியில் நடந்த தேர்தலில் வென்று ஜெயலலிதா முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். பணம் கொடுத்த அமைப்பை 1992 இல் இந்திய அரசு தடைசெய்தது. அதை வற்புறுத்தியவர்களில் ஜெயலலிதாவும் ஒருவர். 2002 இல், பிரபாகரனைப் பிடித்து இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவருடைய ஆட்சியில் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியது. 2011 ஜூனில் அதே சட்டசபை, அதே முதலமைச்சரின் முன்மொழிவில், இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்குமாறு கோரியது. இரண்டு தீர்மானங்களும் புதுடில்லிக்கு அனுப்பப்பட்டன. பிரபாகரன் கொண்டுவரப்படவும் இல்லை. பொருளாதாரத் தடை விதிக்கப்படவும் இல்லை.